இந்த எண்ணுக்கு அப்பன் யார்?

பதினோரு வருடங்களில் ஒரே ஆளை நாற்பதாயிரம் தடவைக்கு மேல் கொன்றிருக்கிறேன். பேருந்தை ஏற்றி, மாடியிலிருந்து தள்ளி, தலையில் செங்கல்லைப் போட்டு, காரின் கண்ணாடியை அவன் நெற்றியாலேயே உடைக்க வைத்து. அவன் பெயர் சொல்சூ. எழுபத்தேழு கிலோ எடை. இருபது லட்சம் சின்னக் கட்டங்களைக் கோத்துச் செய்த எலும்பு, சதை, மூளை. கணினிக்குள் மட்டும் இருப்பவன். அவனுக்கு வலிக்காது. வலித்ததெல்லாம் எங்களுக்குத்தான்.

நான் தாக் போராம். தேஜோன் நகரத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில், மனித உடம்பு எப்படி அடிபடும் என்று கணினியில் நடத்திப் பார்க்கும் ஆய்வுக்கூடத்தில் போஸ்ட்டாக். முனைவர் பட்டம் வாங்கியாயிற்று, ஆனால் வேலை கிடைத்தபாடில்லை என்பவர்களுக்கு உலகம் வைத்திருக்கும் மரியாதையான பெயர் அது. வருடத்துக்கு ஒரு ஒப்பந்தம். பிப்ரவரியில் பேராசிரியர் முத்திரை குத்தினால் அடுத்த பிப்ரவரி வரை நான் மனுஷி. குத்தாவிட்டால் நடுத்தெரு. முப்பத்தெட்டு வயதில் என் எட்டாவது முத்திரைக்காகக் காத்துக்கொண்டிருந்தேன்.

பேராசிரியர் மேங் கிசொல்லுக்கு ஐம்பத்தாறு வயது. வாரம் தவறாமல் மலை ஏறுகிறவர், தோள்பட்டை கதவு அகலம். கெட்டிக்காரர், அதை நான் மறுக்க மாட்டேன். அந்தப் பாவிக்குக் கணக்கு அப்படி வரும். எங்கள் கூடத்தில் அவர் போட்ட சட்டம் ஒன்றே ஒன்று. கணினி மாதிரிக்குள் போகும் ஒவ்வொரு எண்ணுக்கும் மேலே ஒரு டாலர் குறி போட்டு, அந்த எண் எங்கிருந்து வந்தது, யார் சொன்னார், எத்தனை மணிக்கு என்று எழுத வேண்டும். டாலர் குறியில் தொடங்கும் வரியைக் கணினி படிக்காமல் தாண்டிப் போய்விடும். அது மனிதர்கள் படிக்க.

எழுத மறந்தவனிடம் மேங் ஒரே கேள்விதான் கேட்பார். "இந்த எண்ணுக்கு அப்பன் யாருடா?"

வாயைத் திறப்பதற்குள் அடி விழும். அதற்கென்று அரை மீட்டர் நீளத்தில் ஓர் அலுமினியக் குழாய் வைத்திருந்தார். கீழ்த்தளத்து மோதல் சோதனைக்கு வாங்கியதில் மிஞ்சியது. அதற்கு நாங்கள் வைத்த பெயர் 'இரண்டாவது நடுவர்'. நாங்கள் எழுதும் கட்டுரைகளைப் பெயர் தெரியாத மூன்று நடுவர்கள் படிப்பார்கள். அதில் இரண்டாவது ஆள்தான் எப்போதும் கழுத்தை அறுப்பவன் என்பது உலகம் பூராவும் எங்கள் சாதிக்கு உள்ள நம்பிக்கை. அந்தப் பெயரை வைத்தவன் பியோ சங்யோல். அந்த நடுவரிடம் அதிகம் வாங்கியவனும் அவன்தான்.

சங்யோல் என்னைவிட நான்கு வயது இளையவன், அவனும் போஸ்ட்டாக். என்னை அக்கா என்பான். கையில் எந்நேரமும் ஒரு நீல ஃப்ளாஸ்க், உள்ளே ஆறிப்போன காபி. ஒரு தடவை முழங்கால் சில்லின் விறைப்புக்கு மூலம் எழுத மறந்துவிட்டான். மேங் எல்லார் முன்னாலும் அதே முழங்காலில் குழாயால் மூன்று போடு போட்டார். "இப்ப தெரிஞ்சுதா எவ்வளவு விறைப்புன்னு?" என்று கேட்டார். சங்யோல் நொண்டிக்கொண்டே நாற்காலிக்குப் போய், டாலர் குறி போட்டு, 'மூலம்: சொந்த அனுபவம்' என்று தட்டினான். அதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்குச் சிரித்ததற்கு இன்றைக்கும் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அந்தச் சனிக்கிழமை மதியம் அவனைக் கத்தியால் நறுக்கிச் செய்யும் நூடுல்ஸ் கடைக்கு இழுத்துக்கொண்டு போனேன். பிரான்சில் லியோனில் இருக்கும் ஒரு கூடம் அவனுக்கு மூன்று வருட வேலை கொடுத்திருந்தது.

"அக்கா, சார்கிட்ட எப்படிச் சொல்றது?"

"வாயாலதான்."

"கொன்னுடுவாரு அக்கா. என் பாதி வேலை முடியல. அதை முடிக்க அவருக்கு வேற அடிமை கிடையாது."

"நான் ஒருத்தி இருக்கேனே, கண்ணு தெரியலையா? குடிடா."

ஆளுக்கு இரண்டு கிண்ணம் அரிசிக் கள். நான்தான் ஊற்றினேன். திங்கட்கிழமை மேங்கிடம் சொல்வதாக முடிவு செய்தோம். அவர் அன்றைக்கு மலையில் இருந்தார், அப்படித்தான் எல்லாரிடமும் சொல்லியிருந்தார். நான் பல் அடைக்க மருத்துவரிடம் போனேன். சங்யோல் தன் கோப்புகளைப் பிரதி எடுத்துக்கொள்ளக் கூடத்துக்குத் திரும்பினான்.

நான்கு மணிக்கு, நான்காவது மாடிப் படிக்கட்டின் திருப்பத்தில், துப்புரவு செய்யும் அம்மா அவனைப் பார்த்தார். மல்லாந்து கிடந்தானாம். காதிலிருந்து ரத்தம் வழிந்து இரண்டு படி இறங்கியிருந்ததாம். மூச்சு மட்டும் இருந்தது, மருத்துவமனையில் நினைவு திரும்பாமல் கிடந்தான்.

அந்தப் படிக்கட்டில் கேமரா கிடையாது. ரத்தத்தில் மது இருந்தது. நான் ஊற்றிய மது. குடித்துவிட்டு வழுக்கி விழுந்தான் என்று போலீஸ் எழுதிக்கொண்டு போய்விட்டது. பல்கலைக்கழகத்துப் பாதுகாப்புக் குழுவுக்கு மட்டும் கோப்பை மூட ஓர் அறிக்கை வேண்டியிருந்தது. விழுந்த விதத்தைக் கணினியில் நடத்திக் காட்ட ஆள் தேடினார்கள். நாட்டிலேயே அதைச் சரியாகச் செய்யும் கூடம் எங்களுடையதுதான்.

திங்கட்கிழமை காலை மேங் கண்களைத் துடைத்துக்கொண்டே எங்கள் முன் நின்றார். "நம்ம பையன். நாமதான் செய்யணும். போராம், நீ செய். வெள்ளிக்கிழமை குழு முன்னாடி நீயே பேசு." கூட்டம் கலைந்ததும் என்னிடம் மட்டும் குரலைத் தாழ்த்தினார். "இது ஒழுங்கா முடிஞ்சா உனக்கு நிரந்தர இடம் கேக்கலாம்னு இருக்கேன். குடிச்சான், விழுந்தான். அவ்வளவுதான் விஷயம், புரியுதா?"

புரிந்தது. என் கணக்கு ஆம் என்று சொன்னால் சங்யோல் குடிகாரனாகச் சாவான், நான் பேராசிரியை ஆவேன். இல்லை என்று சொன்னால் பிப்ரவரியில் எனக்கு முத்திரை கிடையாது, இந்த நாட்டில் எந்தக் கூடத்திலும் நாற்காலி கிடையாது.

அந்தப் படிக்கட்டை அளந்து கணினிக்குள் கட்டினேன். சங்யோலின் எடைக்குச் சொல்சூவை இளைக்க வைத்தேன். மேல் படியில் நிறுத்தி, குடித்தவனைப் போலக் காலை இடற வைத்தேன். விழுந்தான். முன்பக்கமாக, பக்கவாட்டில், கைப்பிடியில் மோதி, உருண்டு, சறுக்கி. செவ்வாய் இரவுக்குள் அறுபது தடவை. அறுபதிலும் இரண்டு விஷயம் ஒத்து வரவில்லை. சங்யோலின் மண்டை பின்பக்கம், கீழே, வலது ஓரத்தில் பிளந்திருந்தது. சொல்சூவுக்கு நெற்றி உடைந்தது, கன்னப்பொட்டு உடைந்தது, அந்த இடம் மட்டும் உடையவே இல்லை. அப்புறம் மணிக்கட்டு. விழுகிறவன் கையை ஊன்றுவான், ஊன்றினால் மணிக்கட்டு முறியும். சங்யோலின் மணிக்கட்டுகளில் ஒரு கீறல்கூட இல்லை.

புதன்கிழமை மதியம் மேங் என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார். திரையில் சொல்சூ அறுபத்தோராவது தடவையாகத் தப்பான இடத்தில் மண்டையை உடைத்துக்கொண்டான்.

"என்னடி இது, குப்பை!" குழாய் என் வலது தோளில் இறங்கியது. விரல் நுனி வரை மரத்துப்போனது. "பதினோரு வருஷமா என்கிட்ட என்னத்தக் கத்துக்கிட்ட? முன்னாடி பாத்து விழுந்தா பின்மண்டை எப்படிப் பொளக்கும்? படிக்கு முதுகைக் காட்டி நிக்க வை."

"ஏன் சார் முதுகு—"

"நிக்க வைடி!" இன்னொரு அடி, அதே தோளில். "தலை கொஞ்சம் வலது பக்கம் திரும்பி இருக்கட்டும். இன்னும். ஹாங், அங்கதான். வலது கை நெஞ்சுகிட்ட, ஃப்ளாஸ்க் பிடிச்ச மாதிரி. இடது கை சும்மா தொங்கட்டும். கையை ஊன விடாத."

நான் தட்டினேன். பழக்கம் என்னைவிடப் பெரியது. ஒவ்வொரு எண்ணுக்கும் மேலே டாலர் குறி போட்டு எழுதிக்கொண்டே போனேன். மூலம்: பேராசிரியர் மேங், புதன், இரண்டு பத்து. மூலம்: பேராசிரியர் மேங், புதன், இரண்டு பன்னிரண்டு. அவர் அந்த வரிகளைப் பார்க்கவே இல்லை. பத்து வருடமாக அவர் படத்தை மட்டும்தான் பார்க்கிறார், கோப்பைத் திறப்பது எங்கள் வேலை.

"ஆரம்ப வேகம் சார்?"

"ரெண்டு புள்ளி ஒண்ணு. பின்னாடி பாத்து. நெஞ்சுல குடு."

மூன்று மணி நேரம் ஓடியது. ஐந்தேகாலுக்கு மேங் காபியோடு திரும்பி வந்தார். சொல்சூ படிக்கு முதுகைக் காட்டி நின்றான். பின்னால் பறந்தான். நான்காவது படியின் விளிம்பில் பின்மண்டை அடித்தது. கீழே, வலது ஓரத்தில், மருத்துவமனைப் படத்தில் இருந்த அதே கோட்டில், அதே நீளத்துக்கு விரிசல் ஓடியது. மணிக்கட்டு இரண்டும் முழுசாக இருந்தன.

மேங் தொடையில் தட்டிக்கொண்டு துள்ளினார். சத்தியமாகத் துள்ளினார், பரிசு வாங்கிய பள்ளிக்கூடப் பையனைப் போல. "பாத்தியா! அச்சு அசல்! இதுக்குப் பேர்தான் வேலை. எண்ணு சரியா இருந்தா எலும்பு பொய் சொல்லாது!"

தானாக வழுக்குகிறவனுக்கு ஆரம்ப வேகம் பூஜ்யம். நெஞ்சில் இரண்டு புள்ளி ஒன்று என்பது குடியிலிருந்து வராது. அது இன்னொருவன் உள்ளங்கையிலிருந்துதான் வரும். அப்புறம் அந்த ஃப்ளாஸ்க். படிக்கட்டில் கிடந்த பொருள்கள் என்று போலீஸ் எழுதிய பட்டியலில் ஃப்ளாஸ்க்கே இல்லை. அது சங்யோல் மேசையிலும் இல்லை என்பதை நான் திங்கட்கிழமையே பார்த்திருந்தேன். மலையில் இருந்தவருக்கு அது அவன் வலது கையில் இருந்தது எப்படித் தெரியும்? நூற்றுக்கணக்கான பொய்களை விழுங்கத் தெரிந்த மனுஷனுக்கு, ஒத்துவராத ஒரு விரிசலை மட்டும் பொறுக்க முடியவில்லை.

"அறிக்கையில அந்த ரெண்டு புள்ளி ஒண்ணை எழுதாத," என்றார் போகிறபோக்கில். "போதையில தள்ளாடின வேகம்னு போடு. படத்தை மட்டும் காட்டு."

"சரிங்க சார்," என்றேன். இந்த வாய் அதைத்தான் சொன்னது.

வியாழன் விடியற்காலை சங்யோல் செத்துப்போனான்.

மருத்துவமனையின் அடித்தளத்தில் இழவுக்கூடம். சிவப்பு மாட்டிறைச்சிச் சூப் வாசம், வெள்ளைச் செவ்வந்தி, நடுவில் அவன் படம். மேங் வந்தார். படத்தின் முன் இரண்டு தடவை தரையில் நெற்றி பட விழுந்து வணங்கினார். சங்யோலின் அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னாள். எனக்கு அந்தச் சூப்பை அண்டாவோடு தூக்கி அந்த ஆள் தலையில் கவிழ்க்க வேண்டும் போல வெறி வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், சனிக்கிழமை அடைத்த பல் வலித்தது.

அவர் போனதும் அந்த அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கூன்சானில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் முப்பது வருடமாக வேலை பார்ப்பவள்.

"போராம், அவன் ரொம்பக் குடிப்பானாம்மா?"

"இல்லம்மா. அன்னைக்கு ரெண்டு கிண்ணம். நான்தான் ஊத்துனேன்."

திட்டுவாள் என்று நினைத்தேன். "ரெண்டு கிண்ணத்துக்கு அவன் பாடத்தான் செய்வான், விழ மாட்டான்," என்றாள். "ஒண்ணு கேக்கறேன், நீ படிச்சவ. வண்டி மோதப் போகுதுன்னா பழகாதவன்கூட கையைக் குறுக்க வெப்பான். நான் தினம் பாக்கறேன். என் புள்ள கையில ஒரு கீறல் இல்ல. விழறவன் கையை ஊனாம விழுவானா?"

அறுபத்தோரு ஓட்டத்தில் நான் கண்டதை அவள் ஒரு பார்வையில் கண்டிருந்தாள். எவன் தள்ளினான் என்று தெரிந்த பிறகும் கை ஏன் ஊன்றவில்லை என்பது எனக்குப் புரியவில்லை. மேங் ஊன்ற விடாதே என்றார், நான் கையைக் கட்டிப்போட்டேன், அவ்வளவுதான்.

கூடத்துக்குத் திரும்பினேன். யாரும் இல்லை. இரண்டாவது நடுவரை மேங்கின் அறையிலிருந்து எடுத்துக்கொண்டு கீழ்த்தளத்துக்குப் போனேன். அங்கே உயரத்திலிருந்து நாற்பது கிலோ இரும்பைப் போடும் கோபுரம் ஒன்று உண்டு. குழாயை அதன் அடியில் நிறுத்தி விசையை அழுத்தினேன். கட்டிடமே அதிர்ந்தது. இன்னொரு தடவை. இன்னொரு தடவை. கடைசியில் உள்ளங்கை அளவுக்கு ஒரு நசுங்கிய தகடு மிஞ்சியது. அதைப் பையில் போட்டுக்கொண்டு, மேலே போய், வெள்ளிக்கிழமைக்கான கடைசிப் பக்கத்தை மாற்றி எழுதினேன்.

குழுவில் ஐந்து பேர். குறிப்பெடுக்க ஒரு பெண், மேசையில் ஓடிக்கொண்டிருந்த ஒரு கேமரா. முழங்கால் உயர மேடையில் நான் நின்றேன், பக்கத்து நாற்காலியில் மேங். கறுப்பு டை கட்டியிருந்தார்.

படத்தை ஓட்டினேன். சொல்சூ பறந்தான், விழுந்தான், பிளந்தான். தலைவர் தலையசைத்தார். "பிரமாதமா ஒத்துப்போகுது. அப்ப போதையில விழுந்ததுன்னு எடுத்துக்கலாமா?"

"இன்னும் ஒரு பக்கம் இருக்கு சார்," என்றேன். "எங்க கூடத்துல ஒரு சட்டம். எந்த எண்ணுக்கும் அப்பன் பேர் எழுதாம விடக் கூடாது. பேராசிரியர் மேங் போட்ட சட்டம்."

டாலர் குறி வரிகளைத் திரையில் போட்டு ஒவ்வொன்றாகப் படித்தேன். முதுகு படிக்கட்டுப் பக்கம், மூலம் பேராசிரியர் மேங். தலை வலது பக்கம், மூலம் பேராசிரியர் மேங். வலது கையில் ஃப்ளாஸ்க், மூலம் பேராசிரியர் மேங். நெஞ்சில் பின்னோக்கி வினாடிக்கு இரண்டு புள்ளி ஒன்று மீட்டர், மூலம் பேராசிரியர் மேங், புதன், இரண்டு இருபது.

"இந்த வேகம் வழுக்கினா வராது, தள்ளினாத்தான் வரும். இந்த எண்ணுகளைப் போட்டாத்தான் அவன் மண்டை சரியான இடத்துல உடையுது," என்றேன். மேங் பக்கம் திரும்பினேன். "இந்த எண்ணுக்கு அப்பன் யாரு? சொல்லு. நீ மலையில இருந்தியே, அவன் கையில ஃப்ளாஸ்க் இருந்தது உனக்கு எப்படித் தெரியும்?"

மேங்கின் முகம் சிவந்தது, சிவப்பு கழுத்து வரை இறங்கியது. அவர் காதில் ஃப்ளாஸ்க்கும் விழவில்லை, வேகமும் விழவில்லை.

"நீயா?" என்றார். எழுந்தார். "என்னைப் பாத்து நீன்னா சொன்ன? உனக்குச் சோறு போட்டு வளத்த என்னையா? அவனும் இப்படித்தான்டி... அந்த நாயும் இப்படித்தான் நின்னுக்கிட்டு 'இனிமே நீ எனக்கு யாரு'ன்னு—"

இரண்டு உள்ளங்கைகளும் என் நெஞ்சில் இறங்கின.

மேடையிலிருந்து பின்னால் போனேன். கூரை விளக்கு தெரிந்தது. பின்மண்டையில் நாற்காலியின் இரும்புக் கால் இடித்தது. அடைத்த பல் வாய்க்குள்ளேயே நொறுங்கியது. அந்த ஆள் மேடையிலிருந்து குதித்து விலாவில் உதைத்தார். ஒன்று, இரண்டு, மூன்றாவதில் உள்ளே ஏதோ முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. ஐந்து பேர் சேர்ந்து இழுத்தும் நான்காவது உதையும் வந்து விழுந்தது. குறிப்பெடுத்த பெண் அலறிக்கொண்டே நின்றாள்.

"எழுதிக்கோங்க," என்று அவளிடம் சொன்னேன். வாயெல்லாம் ரத்தம், சொல் சரியாக வரவில்லை. "நேரத்தையும் போட்டு எழுதிக்கோங்க."

அப்புறம்தான் என் கைகளைப் பார்த்தேன். வலது கை, படத்தை நகர்த்தும் ரிமோட்டைப் பிடித்தபடி நெஞ்சருகே இருந்தது. இடது கை சும்மா கிடந்தது. இரண்டு மணிக்கட்டிலும் ஒரு கீறல் இல்லை.

ஃப்ளாஸ்க்கைப் போலீஸ் மேங்கின் மலையேறும் பையிலிருந்து எடுத்தது, ஒரு பக்கம் நசுங்கி, காய்ந்த காபிக் கறையோடு. குழுவின் கேமராவை வைத்து என் நெஞ்சின் வேகத்தை வேறொரு கூடத்தில் கணக்கிட்டார்கள். இரண்டு புள்ளி ஆறு. நான் சங்யோலைவிட எடை குறைவு. கை அதே கைதான்.

மருத்துவமனையில் சங்யோலின் அம்மா என் கட்டிலருகே உட்கார்ந்து பேரிக்காய் சீவினாள். நான் மெல்ல முடியாது என்று அவளுக்குத் தெரியும், இருந்தாலும் சீவினாள்.

"அன்னைக்குக் கேட்டீங்களே அம்மா, கையை ஏன் ஊனலைன்னு," என்றேன். "இப்பத் தெரியும். அடிப்பாருன்னு தெரியும், அதுக்குத் தோளைக் குறுக்கிக்கத் தெரியும். ஆனா கீழ தள்ளிக் கொல்லுவாருன்னு உடம்பு நம்பலை. நம்பறதுக்குள்ள தரை வந்துடுது."

அவள் கத்தியைத் தட்டில் வைத்தாள். "அவனுக்கு வலிச்சிருக்குமா?"

சொல்சூவின் மூளையில் அந்த அடி எப்படிப் பரவும் என்று எனக்கு வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில் தெரியும். அதை நான் சொல்லவில்லை.

"இல்லம்மா. விழறப்ப வலிக்கலை. ஆச்சரியமாத்தான் இருந்துது."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். இந்தப் பதிலுக்கு மூலம் என்ன என்று அவள் கேட்கவில்லை. என் பின்மண்டையில் பதினோரு தையல் இருந்தது.